நாய் சொல்லும் கதையா, வாட்சன் சொல்லும் கதையா?

துப்பறியும் கதையும் பிரபஞ்சத் திகிலும் (மனித அறிவுக்கு எட்டாத பெருஞ்சக்திகளைப் பற்றிய பயக்கதை) கலந்து, அதுவும் கொஞ்சம் விளையாட்டாக எழுதிய நாவல் வேண்டுமென்றால் என் கையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, ரோஜர் ஸெலாஸ்னியின் 'எ நைட் இன் த லோன்ஸம் ஒக்டோபர்' (1993). மற்றது, ஜேம்ஸ் லவ்குரோவின் 'ஷெர்லாக் ஹோம்ஸ் அண்ட் த ஷாட்வெல் ஷாடோஸ்' (2016). மழை பிடித்துக்கொண்டு மட்டக்களப்பின் கல்லடிப் பக்கம் வெளியே இறங்க முடியாத நாட்களில் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தேன். என் வாக்கு ஸெலாஸ்னிக்குத்தான்.

ஷாட்வெல்லின் தொடக்கம் அருமை. 1880ஆம் ஆண்டு லண்டன். ஆப்கானிஸ்தானிலிருந்து காயத்தோடு திரும்பிய வாட்சன், ஹோம்ஸைச் சந்திக்கிறார். சில நாட்களுக்கு முன் நன்றாக நடமாடித் திரிந்தவர்கள், வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவர்களைப் போல வற்றிச் செத்துக் கிடக்கிறார்கள். ஹோம்ஸ் பிரியர்களுக்கு இது போதும். இதற்குத் தொடர்ச்சியாக வந்த புத்தகங்களை நான் வாசிக்கவில்லை. ஆகவே இந்த முதல் புத்தகத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விசயம். துப்பறியும் கதைக்கு விடை வேண்டும். பிரபஞ்சத் திகிலோ, விடை சொன்ன கணத்திலேயே செத்துவிடும். கல்லடிப் பாலத்தடியில் நீருக்குள்ளிருந்து கேட்கும் மீன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ன பிராணிதான் பாடுகிறது என்று யாராவது சந்தேகமில்லாமல் காட்டிவிட்டால், அடுத்த போயாவுக்கு, அதாவது முழுநிலவு நாளுக்கு, தோணியில் போய், துடுப்பை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும்? ஷாட்வெல் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. ஹோம்ஸ் துருவத் துருவ, இருட்டில் இருந்தவற்றுக்குப் பெயரும் ஒழுங்கும் வந்துவிடுகின்றன. பயம் போய்ச் சாகசம்தான் மிஞ்சுகிறது.

ஸெலாஸ்னி புதிரை வேறு இடத்தில் வைத்தார். கதையைச் சொல்வது ஸ்னஃப் என்ற நாய். அதன் எசமான் கத்திக்காரர் ஜாக். ஒக்டோபரின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அத்தியாயம். மாதக் கடைசியில், முழுநிலவு இரவில், ஆதிப் பெருந்தெய்வங்கள் உள்ளே வரக் கதவைத் திறக்க ஒரு கூட்டம், மூடிவைக்க இன்னொரு கூட்டம். யார் எந்தப் பக்கம் என்று எவரும் வாய் திறப்பதில்லை. சடங்கு எந்த இடத்தில் நடக்கும்? ஆட்களின் வீடுகளுக்கு இடையே மனத்தில் கோடு போட்டு ஸ்னஃப் கணக்குப் பார்க்கிறது. ஒருவர் விலகினாலோ செத்தாலோ கணக்கு மாறும். சரி, இந்த இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்கிறது. கதவுக்கு அப்பால் இருப்பதை மட்டும் ஸெலாஸ்னி கடைசிவரை விளக்குவதில்லை. துப்பறியும் கதையும் நிறைவாக முடிகிறது, பயமும் உயிரோடு இருக்கிறது.

விளையாட்டுத்தனமும் இங்கேதான் அதிகம். வீட்டில் அடைத்துவைத்த பொல்லாதவற்றைச் சுற்றிப் பார்ப்பது ஸ்னஃபின் அன்றாட வேலை. வட்டத்துக்குள் கட்டிவைத்த ஒன்று, பெண் நாயாக உருமாறி அதற்கு ஆசை காட்டும். ஆனால் வாசனையைச் சரியாக வரவழைக்க அதற்குத் தெரியாது! வந்தவரைப் பாயோடு ஒட்டவைக்கும் மந்திரக் கதைகளோடு வளர்ந்த மட்டக்களப்பாருக்கு இந்தக் கட்டும் காவலும் அந்நியமாகவே படாது.

ஒன்று மட்டும். முதல் அத்தியாயங்களில், சடங்குக்கு வந்தவர்களில் யாருடைய துணைப் பிராணி எது என்று குழம்பும். பூனை கிரேமால்க் ஜில்லுடையது, வௌவால் நீடில் 'பிரபு' என்று வருபவருடையது, பாம்பு குவிக்லைம் துறவி ராஸ்டோவுடையது என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.