6×6×12 அங்குல மஃபிள் (மூடிய அறை) உலை: பட்டறை மண் சோதிக்க உதவுமா?

நகைப் பட்டறையில் கூட்டிய மண்ணையும் சாக்கடை வண்டலையும் மூட்டையாக விற்கும் முன், அதில் எவ்வளவு தங்கம் என்று தெரிந்துகொள்ள இந்த 3.5 கிலோவாட் மின் உலை போதும். மூட்டை மூட்டையாக உருக்க உதவாது. விலை குறைகிறதே என்று 4×4×9 எடுக்காதீர்கள். 30 கிராம் சோதனைக்கான மண் குகை (உருக்கும் பாத்திரம்) அதற்குள் நிற்காது. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கும் சூடேறிக் கருகும். 20 ஆம்பியர் தனி லைன் இழுத்துவிடுங்கள்.

உருக்குவதில் குறை சொல்ல முடியாது. நைசாக அரைத்த மண் 30 கிராம், மிருதார்சிங்கி (ஈய ஆக்சைடு) 60, சோடா சாம்பல் 30, வெண்காரம் 15, கோதுமை மாவு 3 கிராம். மாவுதான் மிருதார்சிங்கியிலிருந்து ஈயத்தைப் பிரிக்கிறது, அந்த ஈயம் மண்ணிலுள்ள தங்கத்தை இழுத்துக்கொள்ளும். 1 கிராம் மாவுக்கு ஏறக்குறைய 10 கிராம் ஈயம் வரும். மண்ணில் கரித்தூள் இருந்தால் ஈயம் அளவுக்கு மீறி இறங்கிவிடும், அதனால் முதலில் 600 டிகிரியில் வறுக்க வேண்டும். பாதரசம் கலந்த மண்ணை இதில் வைக்கவே கூடாது: 357 டிகிரியிலேயே பாதரசம் ஆவியாகி அறை முழுக்கப் பரவும். கேடிஎம் பற்றவைப்பில் சேர்ந்த காட்மியமும் அப்படித்தான், புகைபோக்கி இல்லாமல் தொடாதீர்கள்.

குகையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் சோடா பொங்கி வழியும். வழிந்த மிருதார்சிங்கி செங்கலையே தின்றுவிடும், அடியில் கெட்டால் மாற்றிக்கொள்ளும்படி ஓடு ஒன்று போடுங்கள். 900-ல் வைத்து மெல்ல 1050-க்கு ஏற்றி முக்கால் மணி நேரம் விட்டால், கூம்பு அச்சில் ஊற்றும்போது கசடு கண்ணாடிபோல் ஓடும்.

சொதப்புவது அடுத்த கட்டம். தங்கம் ஏறிய ஈயத்தை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் ஓட்டினால், ஈயத்தைக் கிண்ணம் குடித்துத் தங்கமும் வெள்ளியும் மணியாக மிஞ்சும். அதற்குக் காற்று வேண்டும். இந்த உலையில் காற்றுத் துளையே இல்லை. கதவை அரை அங்குலம் திறந்தால் முன்பக்கம் குளிர்ந்து, ஈயத்தின் மேல் கரும்பாளம் கட்டி வேலை நின்றுவிடும். வெப்பமானி பின்சுவரில் இருப்பதால் திரையில் 900 என்றே காட்டிக்கொண்டிருக்கும். கிண்ணத்தைப் பின்னுக்குத் தள்ளி, 950-ல் ஈயத்தின் மேல் பாளம் விலகித் திறக்கவைத்து, பிறகு 880 அளவில் ஓட்டலாம். பின்சுவரில் துளையிட்டுத் தரச் சொல்லி வாங்குவது அதைவிட நல்லது. கிண்ணம் தன் எடை அளவு ஈயத்தைத்தான் குடிக்கும். 30 கிராம் ஈயத்துக்கு 40 கிராம் கிண்ணம் வையுங்கள்.

மிஞ்சும் மணியில் தங்கத்தைப்போல் மூன்று மடங்காவது வெள்ளி இருந்தால்தான் நைட்ரிக் அமிலம் முழுசாகப் பிரிக்கும். 30 கிராமில் 6 மில்லிகிராம் தங்கம் நின்றால் கிலோவுக்கு 0.2 கிராம். மண்ணே போடாமல் ஒரு குகை ஓட்டி, மிருதார்சிங்கியில் ஏற்கெனவே உள்ள வெள்ளியைக் கழித்துவிடுங்கள்.

சுருள் வெளியே தெரியும் மாடல் வேண்டாம், ஈயப் புகை கம்பியை அரிக்கும். ஈயம் குடித்த கிண்ணமும் கசடும் அபாயக் கழிவு. மறுபடி அதே சாக்கடைக்குப் போகக் கூடாது.