வன்னியிலிருந்து லிங்க்ட்இன்: வேலைப் பக்கத்தை விடுங்கள், ஆட்களைத் தேடுங்கள்

தொழில்சார் ஆட்கள் ஒருவரோடொருவர் இணையும் தளமான லிங்க்ட்இன்னில் கணக்குத் திறந்தவுடன் எல்லோரும் ஓடுவது ‘ஜொப்ஸ்’ (வேலை விளம்பர) பக்கத்துக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று இடம் கொடுத்துத் தேடினால் வருவது சொற்பம். வருவதிலும் பல, கொழும்பு வேலையை இலங்கை முழுவதற்கும் என்று போட்ட விளம்பரங்கள். ‘இது எங்கட பக்கத்துக்குச் சரிவராது’ என்று அப்பை அழித்துவிட்டுப் போகிறவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 2003 முதல் இயங்கிவரும், 2016 இல் மைக்ரோசொப்ட் வாங்கிய இந்தச் சேவையின் வேலைப் பட்டியல் வன்னிக்கு உண்மையிலேயே அவ்வளவு பயன் இல்லை. பயன் இருப்பது, உங்களோடு முன்பு வேலை செய்தவரையும் இப்போது ஆள் எடுப்பவரையும் பெயர் சொல்லித் தேடிப் பிடிக்கலாம் என்பதில். அந்தப் பகுதியைப் பற்றித்தான் இங்கே சொல்கிறோம்.

யாருக்குத் தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிடலாம். அரச உத்தியோகம் தேடுபவருக்கு இது நேர விரயம். அந்த வெற்றிடங்கள் வர்த்தமானியிலும் திணைக்கள இணையத்தளங்களிலும் வரும். போட்டிப் பரீட்சைக்கு எச்ஆர் (ஆள் எடுக்கும் மனிதவளப் பிரிவு) அறிமுகம் உதவாது. ஆடைத் தொழிற்சாலைக்கு மெஷின் ஒப்பரேட்டராகப் போகிறவரையும் இங்கே யாரும் தேடுவதில்லை. ஆனால் அதே தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டமிடல், கணக்கு, எச்ஆர் பதவிகளுக்குத் தலைமையகம் இங்கேயும் ஆள் பார்ப்பதுண்டு. அரச சார்பற்ற நிறுவனம், ஐரி, சிவில், குவான்டிட்டி சர்வேயிங், கணக்கியல், வளைகுடா வேலை என்று பார்ப்பவர்களுக்கும் கணக்கு ஒன்று கட்டாயம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்களில் படிப்பவர்கள், இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) முடிப்பவர்கள், வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்கள் எல்லோரும் இறுதியாண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

கண்ணிவெடி அகற்றும் பணியில் இருப்பவர்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையின் கீழ், அவற்றை அகற்றி முடிக்க இலங்கைக்கு உள்ள கெடு 2028 ஜூன் 1. நிலம் முடிய முடிய அணிகளும் குறையும். ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் போன்ற நிறுவனங்களில் பெற்ற ஐமாஸ் (சர்வதேச கண்ணிவெடி அகற்றல் தரநிலை) தர ஈஓடி (வெடிபொருள் அழிப்பு) நிலைகள், களத் தரப் பரிசோதனை அனுபவம், ஜிஐஎஸ் (கணினி) வரைபட வேலை எல்லாம் வேறு நாடுகளிலும் தேடப்படும் தகுதிகள். புரொபைலில் வெறுமனே ‘ஃபீல்ட் ஒபிசர்’ என்று போட்டிருந்தால் அந்தத் தேடலில் நீங்கள் அகப்பட மாட்டீர்கள். எந்த நிலை, எந்த ஆண்டு, எத்தனை பேர் கொண்ட அணி என்று எழுத வேண்டும்.

ஆள் எடுப்பவரின் திரை நம்முடையதைப் போல இருக்காது. அவரிடம் பதவிப் பெயர், திறன், இடம், அனுபவம் என்று வடிகட்டும் கட்டண வசதி இருக்கிறது. ஆகவே தலைப்பு வரியில் உள்ள 220 எழுத்தையும் அவர் தட்டச்சு செய்யக்கூடிய சொற்களால் நிரப்புங்கள்: ஆங்கிலத்தில், வழமையான பதவிப் பெயர், துறை, தெரிந்த இரண்டு மூன்று மென்பொருள். ‘நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்’ என்ற வரியை எந்த எச்ஆரும் தேடிப் பார்ப்பதில்லை. தமிழோடு சிங்களமும் தெரியுமென்றால் மொழிப் பகுதியில் மட்டும் போட்டு விடாமல் தலைப்பிலும் போடுங்கள். வடக்கில் களவேலைக்கு ஆள் பார்ப்பவர் அதை முதலில் கவனிப்பார்.

பெயர் விஷயம் எங்கள் ஆட்களுக்கு ஒரு தொல்லை. படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கேட்கும். எங்களிடம் இருப்பது தகப்பன் பெயரும் தன் பெயரும். பிறப்புச் சான்றில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, ஓ.எல். சான்றிதழில் வேறொன்று என்று இருப்பவர்களும் உண்டு. கடவுச்சீட்டில் உள்ளதை எடுத்துக்கொண்டு, சிவி, மின்னஞ்சல், லிங்க்ட்இன் மூன்றிலும் அதையே வைத்திருங்கள். குடும்பப்பெயர்ப் பெட்டியில் ஒற்றை இனிஷியல் மட்டும் போட்டால், அதே பெயரில் உள்ள நூற்றுக்கணக்கானவர்களுக்குள் காணாமல் போய்விடுவீர்கள்.

இடத்தை முல்லைத்தீவு என்றே போடலாம். கொழும்பு என்று பொய் சொல்லத் தேவையில்லை. ‘ஓப்பின் டு வேர்க்’ (வேலைக்குத் தயார்) அமைப்பில் ஐந்து பதவிப் பெயர் வரையும், போய் வேலை செய்யத் தயாரான ஊர்களையும், வீட்டிலிருந்து செய்யும் வேலையா என்பதையும் சேர்க்க முடியும். அதை உங்கள் படத்தைச் சுற்றிய பச்சை வளையத்தோடு எல்லோருக்கும் காட்டலாம், அல்லது ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம். வேலையில் இருப்பவர் இரண்டாவதைத் தெரிவுசெய்வது நல்லது. அப்போதும் உங்கள் சொந்த நிறுவன எச்ஆருக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்ட்இன் உத்தரவாதம் தருவதில்லை.

இடப்பெயர்வாலும் முகாம் வாழ்க்கையாலும் படிப்பில் விழுந்த இடைவெளியை மறைக்க ஆண்டுகளைத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். சான்றிதழ் சரிபார்க்கும்போது ஆண்டு பிழைத்தால் நம்பிக்கை போய்விடும். உள்ளபடி போட்டால், 2008, 2009 இல் வன்னியில் இருந்தவரிடம் காரணம் கேட்கும் எச்ஆர் அரிது.

இனி, இந்தச் சேவை உண்மையில் பெறுமதியாகும் இடம். போருக்குப் பின் வன்னிக்கு வந்த அரச சார்பற்ற நிறுவனங்களில் எத்தனையோ இன்று இங்கே இல்லை. திட்டம் முடிந்தது, அலுவலகம் பூட்டியது, சேவைக் கடிதத்தில் உள்ள தொலைபேசி இலக்கம் வேலை செய்யாது. புதிய இடத்து எச்ஆர் அந்தக் கடிதத்தை யாரிடம் சரிபார்ப்பார்? ஆனால் அன்றைய திட்ட முகாமையாளர் இப்போது நைரோபியிலோ அம்மானிலோ கொழும்பிலோ இருந்தாலும் லிங்க்ட்இன்னில் இருப்பார். நிறுவனத்தின் பெயரையும் ‘ஸ்ரீ லங்கா’ என்பதையும் சேர்த்துத் தேடினால் பழைய ஆட்கள் வருவார்கள். இணைந்த பின் ‘ரெக்கமெண்டேஷன்’ (உங்கள் பக்கத்தில் அவர் எழுதும் பரிந்துரை) கேளுங்கள். வெறுமனே கேட்டால் அவர் என்ன எழுதுவதென்று யோசித்துக்கொண்டே விட்டுவிடுவார். எந்த ஆண்டு, எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எத்தனை பயனாளிக் குடும்பம், உங்கள் பொறுப்பு என்ன என்று நாலு வரி நினைவூட்டிக் கேட்டால் எழுதுவது சுகம். அவர் பெயரோடு உங்கள் பக்கத்தில் நிற்கும் அந்தப் பத்தி, பூட்டிய அலுவலகத்தின் கடிதத்தைவிடப் பலம். இப்போது திட்டத்தில் இருப்பவர்கள் அது முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே இதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். ஆள் வேறு நாட்டுக்குப் போனபின் நினைவும் போய்விடும்.

அடுத்தது பழைய மாணவர் தேடல். பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குப் போய் ‘அலும்னை’ (பழைய மாணவர்) என்பதை அழுத்தினால், படித்தவர்கள் எங்கே வசிக்கிறார்கள், எங்கே வேலை, என்ன வேலை என்று பிரித்துக் காட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் டோஹா என்று வடிகட்டினால், உங்கள் பீடத்தில் உங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டு மூத்தவர் அங்கே எந்தக் கம்பனியில் இருக்கிறார் என்று தெரியவரும். எச்ஆருக்கு எழுதுவதற்கு முன் அந்த அண்ணாவுக்கோ அக்காவுக்கோ எழுதுங்கள். பல கம்பனிகள் ஊழியர் பரிந்துரைத்த ஆளைத் தனியாகப் பார்க்கின்றன. ஒரு நிபந்தனை: கல்விப் பகுதியில் நிறுவனத்தின் பெயரைச் சொந்தமாகத் தட்டச்சு செய்து விடாமல், கீழே விழும் பட்டியலில் சின்னத்தோடு வருவதைத் தெரிவுசெய்ய வேண்டும். அல்லாவிட்டால் நீங்களும் யாருடைய தேடலிலும் வரமாட்டீர்கள்.

ஆள் எடுப்பவர்கள் ஒரே வகை அல்ல. கம்பனிக்குள் இருக்கும் எச்ஆர் தன் வெற்றிடத்தை மட்டும் பார்ப்பார். ஏஜென்சி ஆள் பல கம்பனிக்குத் தேடுவார். இன்று இல்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் உங்களை நினைக்கக்கூடியவர் அவர்தான். வெளிநாட்டு வேலை முகவர் மூன்றாம் வகை. அவரைப் பற்றிக் கடைசியில். தேடலில் ‘டேலண்ட் அக்விசிஷன்’, ‘ரிக்ரூட்டர்’ என்ற சொற்களை ஆங்கிலத்தில் மேற்கோளுக்குள் போட்டு, இடத்தை இலங்கை என்று வையுங்கள். இலவசக் கணக்கில் மாதத்துக்கு இவ்வளவு தேடல் என்று ஒரு மட்டு உண்டு. தாண்டினால் அடுத்த மாதம் முதலாம் திகதி வரை முடிவுகள் சுருங்கிவிடும். அவசரத்துக்கு, கூகுளில் பதவியையும் ஊரையும் லிங்க்ட்இன் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினாலும் ஆள் கிடைக்கும்.

இணைப்பு வேண்டுகோளோடு குறிப்பு எழுதும் வசதியை இலவசக் கணக்குக்கு மாதத்தில் ஒரு சிலதாகக் குறைத்துவிட்டார்கள். இது எரிச்சலான மாற்றம். இடமும் சுமார் 200 எழுத்துதான். ஆகவே குறிப்பை ஏஜென்சி ஆளுக்கும் குறிவைத்த கம்பனிக்கும் மட்டும் செலவழியுங்கள். மற்றவர்களை முதலில் ஃபொலோ பண்ணி, அவர் போடும் பதிவில் ஒன்றிரண்டு முறை பொருளோடு கருத்து எழுதிவிட்டு, குறிப்பில்லாமலே வேண்டுகோள் அனுப்பலாம். ஏற்றுக்கொண்டபின் செய்தி அனுப்பப் பணம் இல்லை. கட்டணக் கணக்கு வைத்திருக்கும் சில எச்ஆர்கள் தங்கள் புரொபைலைத் திறந்தே வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இணையாமலே இலவசமாக எழுதலாம். ‘மெசேஜ்’ பொத்தானை அழுத்திப் பார்த்தால் தெரியும். கண்டபாட்டுக்கு வேண்டுகோள் அனுப்பாதீர்கள். ‘இவரை எனக்குத் தெரியாது’ என்று பலர் அழுத்தினால் கணக்கு முடங்கும். திரும்பப் பெற்ற வேண்டுகோளை அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்பவும் முடியாது.

‘ஹாய் சேர், ஏதும் வேக்கன்சி இருக்கா?’ என்ற செய்திக்குப் பதில் வராது. அதற்குப் பதில் எழுத வேண்டுமென்றால் எச்ஆர் முதலில் உங்களிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும்; அவருக்கு நேரமில்லை. பதில் வரக்கூடிய செய்தி இப்படி இருக்கும்: முதல் வரியில் பதவிப் பெயரும் அனுபவ ஆண்டும். இரண்டாவதில் ஒரு சான்று: ‘மல்லாவியில் 14 கிலோமீற்றர் கிராமிய வீதிக்கு அளவுப்பட்டியல் தயாரித்தேன்’ என்பது போல. மூன்றாவதில் எப்போது சேரலாம், எங்கே வரலாம். கடைசியில், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரே கேள்வி. சிவியை அவர் கேட்டபின் அனுப்புங்கள், கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். பதில் இல்லையென்றால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வேலை கிடைத்தபின்னும் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். வேலை தேடும் தேவை முடிந்தபின்னும் தொடர்பில் இருப்பவரை ஏஜென்சி ஆள் மறக்கமாட்டார்.

அரச சார்பற்ற நிறுவன வேலைக்கு ஒரு சூட்சுமம். நன்கொடையாளர்களும் தூதரகங்களும் வடக்குக்கான புதிய திட்டத்தை அறிவிக்கும் பதிவு, அந்தத் திட்டத்தின் வெற்றிட விளம்பரத்துக்கு முன்னரே வந்துவிடும். அந்தப் பக்கங்களைத் தொடர்ந்து, அறிவித்த வாரமே நடைமுறைப்படுத்தும் நிறுவனத்தின் ஆட்களோடு இணைந்தால், விளம்பரம் டொப்ஜொப்ஸ், ரிலீஃப்வெப் போன்ற வேலைத் தளங்களிலோ வட்ஸ்அப் குழுவிலோ வரும்போது உங்கள் பெயர் அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

வேலைப் பக்கத்தில் ‘ரிமோட்’ (வீட்டிலிருந்தே வேலை) என்று கண்டவுடன் விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒன்று: அமெரிக்க விளம்பரத்தில் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் அமெரிக்காவுக்குள் எங்கிருந்தும் என்றுதான் பொருள். இடம் இலங்கை என்றோ, உலகம் முழுவதும் என்றோ தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். லிங்க்ட்இன்னுக்குள்ளேயே விண்ணப்பிக்கும் ‘ஈசி அப்ளை’ சுகம்தான், எல்லோருக்கும் சுகம் என்பதால் விண்ணப்பம் குவியும். கம்பனியின் சொந்தத் தளத்தில் விண்ணப்பித்துவிட்டு எச்ஆருக்கு அந்த விண்ணப்ப இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுதுவது மேல்.

பிரீமியம் என்ற கட்டணக் கணக்கு தேவையா? மாதாமாதம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. தொழில் தேடுவோருக்கான திட்டத்தில் மாதத்துக்கு ஐந்து இன்மெயில் (இணையாதவருக்கும் அனுப்பும் செய்தி), உங்கள் பக்கத்தைப் பார்த்தவர் பட்டியல், லிங்க்ட்இன் லேர்னிங் பாடங்கள் வரும். இன்மெயிலுக்கு 90 நாளுக்குள் பதில் வந்தால் அந்த ஒன்று உங்கள் எண்ணிக்கையில் திரும்பச் சேரும். புரொபைல், ரெக்கமெண்டேஷன் எல்லாம் தயாரான பிறகு முதல் மாத இலவசச் சோதனையை எடுப்பதுதான் புத்தி. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதித்த வங்கி அட்டை வேண்டும். முடிவதற்கு முதல் நாளுக்குள் ரத்துச் செய்யாவிட்டால் பணம் வெட்டுப்படும்.

மோசடி இங்கேயும் உண்டு. தாய்லாந்து, துபாய் என்று டேட்டா என்ட்ரி, ஐரி வேலைக்கு இணையத்தில் ஆசைகாட்டிக் கூட்டிப்போய், மியன்மாரின் மியாவடி சைபர் மோசடி முகாம்களில் இலங்கையர்களைச் சிக்கவைத்த சம்பவங்கள் தெரிந்தவை. எழுதியவரின் பக்கத்தில் மூன்று புள்ளியை அழுத்தி ‘எபவுட் திஸ் புரொபைல்’ பாருங்கள். பெரிய கம்பனி எச்ஆர் என்கிறவரின் கணக்கு போன மாதம்தான் திறந்ததென்றால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டாவது செய்தியிலேயே டெலிகிராமுக்கு வரச்சொல்வது, நேர்முகம் இல்லாமல் நியமனக் கடிதம், சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்பது, விண்ணப்பக் கட்டணம் — எது வந்தாலும் விலகுங்கள். முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்தின் இணையத்தளத்தில், அல்லது 1989 என்ற இலக்கத்தில் சரிபார்க்கலாம். அனுமதிப்பத்திரம் இருந்தாலும், உங்களுக்குச் சொல்லும் அந்த வேலைக்கும் நாட்டுக்கும் பணியகத்தின் ஒப்புதல் பெறப்பட்டிருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். கடவுச்சீட்டைக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.