ஹெரால்டு பாடிக்கு எந்த சேஸி: பழையதா, கெசலா, ஜிப்ஸியா?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் நின்று பழகிய கார்களுக்கு ஒரே நோய்தான். மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் சேஸி, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயிருக்கும். உப்புக்காற்று போதாதென்று வியாசர்பாடிப் பக்கம் மழைத் தண்ணீர் வேறு. அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு சேஸியை மாற்றும் யோசனையே வராது. அவற்றில் பாடிதான் சேஸி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு அப்படியில்லை. 1961 முதல் மெட்ராஸிலேயே தயாரான அந்தக் காரில் சேஸி தனி, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். கழற்ற முடியும் என்பதாலேயே, "வேற சேஸியில ஏத்திடலாமே" என்ற ஆசையும் வந்துவிடுகிறது.

முதலில் மாருதி ஜிப்ஸி ஜீப்பை முடித்துவிடுவோம். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். கைக்குக் கிடைக்கும், ஸ்பேர் கிடைக்கும், இன்ஜினும் 948 சிசி ஹெரால்டை விடத் தெம்பானது. வீல்பேஸை (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்) பார்த்தால் ஹெரால்டுக்கு 2324 மி.மீ., ஜிப்ஸிக்கு 2375. "ரெண்டு இன்ச்தானே" என்பார்கள். முன் சக்கரத்தைச் சரியாக உட்கார வைத்தால் பின் சக்கரம் வளைவுக்குள் இரண்டு இன்ச் பின்னால் போய் நிற்கும். எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் அது கண்ணை உறுத்தும். ஃபிரேமை நறுக்கிச் சுருக்கினால், வண்டியின் மொத்த பாரமும் அந்த வெல்டிங்கை நம்பித்தான் ஓடும்.

நீளத்தைக்கூட விட்டுவிடலாம், பெரிய சிக்கல் குறுக்குவாட்டில் இருக்கிறது. ஹெரால்டு சேஸியின் கனமான இரண்டு சட்டங்களும் நடுவில் நெருக்கமாக ஓடும். அதனால் கால் வைக்கும் தரை அவற்றுக்கு இரண்டு பக்கமும் தாழ்வாக இருக்கும். ஜிப்ஸியில் ஏணிச் சட்டம், இரண்டு கம்பிகளும் அகலமாக விலகி, சரியாக நீங்கள் கால் வைக்கும் இடத்துக்கு அடியில் வரும். ஒன்று தரையை வெட்ட வேண்டும், இல்லையென்றால் பாடியை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் இத்தாலிய டிசைனர் மிக்கெலாட்டி வரைந்த அந்த ஒடிசலான உருவம் ஜீப் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். ஸ்டியரிங்கும் வேறு வகை. முன்பக்கமாக முழுசாகக் கவிழும் பானட்டின் கீல் சேஸி மூக்கில்தான் மாட்டும், அதற்கும் புது பிராக்கெட் செய்ய வேண்டும்.

அப்புறம் ஆர்.சி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. பழைய சேஸி நம்பர் இருக்கும் தகட்டை வெட்டி ஜிப்ஸி ஃபிரேமில் ஒட்டித் தருகிறேன் என்று எந்தப் பட்டறையாவது சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். என் கணக்கில் ஜிப்ஸி அத்தோடு அவுட்.

கெசல் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெசல், ஹெரால்டு வம்சம்தான், அதே இன்ஜின்தான். பின்னால் மட்டும் தனித்தனியாக ஆடும் ஆக்சிலுக்குப் பதில் நேர் ஆக்சில் போட்டார்கள். ஹெரால்டின் பின்சக்கரங்கள் சாய்ந்து நிற்பதை நம் மெக்கானிக்குகளும் ஓட்டுபவர்களும் அவ்வளவாக ரசிக்கவில்லை. தினசரி ஓட்டுகிறவருக்கு கெசல் சேஸி நிம்மதிதான். ஆனால் பாடியை போல்ட் போட்டுப் பூட்டும் மவுண்ட் ஓட்டைகள் ஒத்துவருகின்றனவா என்று ஒவ்வொன்றாக அளந்த பிறகே காசு கொடுக்க வேண்டும். தவிர, அது இன்னொரு வண்டியின் நம்பரோடு வரும் சேஸி. பேப்பர் இல்லாமல் வாங்கினால் அது வெறும் இரும்பு. பேப்பர் இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இருக்கிற சேஸியையே சரிசெய்வதுதான் என் ஓட்டு. நடுச் சட்டம் பெரும்பாலும் தப்பித்திருக்கும். இற்றுப்போவது அதிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகள். மண்ணடியில் தகடு வாங்கி, பழைய கையை அச்சாக வைத்து, மடித்துத் தரத் தெரிந்த டிங்கர் வடசென்னையில் இன்னும் கிடைப்பார். 2021-ல் வந்த வின்டேஜ் பதிவு விதியும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 50 வயது தாண்டிய வண்டியாக இருக்க வேண்டும், சேஸியிலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது அது. அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கைகள் மட்டும் போயிருந்தால் பாடியைக் கழற்றவே வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் வெட்டி மாற்றினால், மற்றவை அளவைப் பிடித்து வைத்திருக்கும். நடுச் சட்டமும் போயிருந்தால் பாடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போது, "தூக்கறதுக்கு முன்னாடி கதவு வாசல்ல ஆங்கிள் அடிச்சிரு நைனா" என்று பட்டறையில் சொல்வதைத் தட்டாமல் கேளுங்கள். குறுக்கே ஆங்கிள் வெல்டு வைக்காமல் தூக்கிய பாடி நடுவில் மடியும். அப்புறம் எந்த சேஸியும் அதற்குப் பொருந்தாது.

சேஸியை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக வைத்து, மவுண்ட் ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, சிமென்ட் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். மூலைக்கு மூலை இரண்டு குறுக்கு அளவும் ஒன்றாக வர வேண்டும். பாடியைத் திரும்ப சேஸி மேல் இறக்கியதும் போல்ட்டை இறுக்கிவிடாதீர்கள். கதவை மாட்டி, பின் விளிம்பில் 4 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். மேலே இறுகி, கீழே தளர்ந்தால் பாடியின் நடு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், நடு மவுண்ட்டில் ஷிம் (அடியில் சொருகும் மெல்லிய தகடு) ஏற்றுங்கள். மேலே விரிந்தால் நடுவில் ஷிம்மைக் குறையுங்கள், அல்லது இரண்டு கோடியிலும் ஏற்றுங்கள். மெல்லிய ஷிம் ஒன்றே கதவின் மேல் விளிம்பில் பளிச்சென்று தெரியும். கதவுக் கீலைத் திருகியோ பட்டி பூசியோ இதை மறைக்கப் பார்த்தால், முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே கதவு உரசும்.

இரண்டு கதவும் சரியாகி, எல்லா மவுண்ட்டும் இறுகிய பிறகுதான் பானட். அதன் கீல் பிராக்கெட்டில் முன்னே பின்னே, மேலே கீழே நகர்த்த இடம் உண்டு. கதவின் முன் விளிம்பைப் பார்த்துக்கொண்டு அதை உட்கார வைத்தால் போதும்.