டஸ்கீகி மோட்டன் தளம்: முதற்கொட்டகையை விட்டுவிடாதீர்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி நகரையொட்டிய மோட்டன் விமானத் தளத்தை அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை நினைவிடமாகப் பராமரித்து வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது கறுப்பின விமானிகள் தொடக்கநிலைப் பயிற்சி பெற்ற இடம் இது.

வருவோரில் பலருடைய கண் இரண்டாம் விமானக் கொட்டகையில் உள்ள, செந்நிற வால் கொண்ட பி-51 மஸ்டாங் போர் விமான மாதிரியின் மீதுதான். எனக்கோ முதற்கொட்டகையே இவ்விடத்தின் உயிராகத் தோன்றியது. 1940களின் தோற்றத்திலேயே மீட்டமைக்கப்பட்ட அந்தக் கூடத்தில், ஸ்டியர்மன் பயிற்சி விமானத்தைச் சுற்றிப் பழுதுபார்ப்போரின் கருவிகளும் அலுவலக மேசைகளும் இருக்க, அங்கே பணியாற்றியோரின் நினைவுகள் அவர்களுடைய குரலிலேயே ஒலிக்கின்றன. கறுப்பினத்தவர் போர்ப் பொறுப்புகளுக்குத் தகுதியற்றவர்கள் என்று 1925இல் இராணுவப் போர்க் கல்லூரி எழுதிவைத்த அறிக்கைக்கு, சுமார் 1,000 விமானிகளைப் போலவே, இயந்திரங்களைச் சீராக்கிய ஆண்களும் பாராசூட்டுகளைப் பிசகின்றி மடித்துக் கொடுத்த பெண்களும் நாள்தோறும் மறுப்பு எழுதினார்கள் என்பது இங்கு நிற்கும்போது புரிகிறது.

இத்தளமே இனப்பாகுபாட்டின் விளைவு என்பதையும் மறக்கக் கூடாது. வெள்ளையரோடு சேர்த்துப் பயிற்றுவிக்க இராணுவம் விரும்பாததால்தான் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. பின்னர் டஸ்கீகி விமானிகளின் 332ஆம் போர் விமானப் பிரிவுக்குத் தலைமையேற்ற கறுப்பின அதிகாரி பெஞ்சமின் டேவிஸுடன், வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் சக மாணவர்கள் பணி நிமித்தமன்றிப் பேசவேயில்லை. 1945 ஏப்ரலில், இண்டியானாவின் ஃப்ரீமன் தளத்தில், அதிகாரிகளுக்கான பொழுதுபோக்கு மன்றங்களை இனவாரியாகப் பிரித்த ஆணையில் கையொப்பமிட மறுத்த 101 கறுப்பின அதிகாரிகள் கைது செய்யப்பட்டனர். ஆயுதப்படைகளில் சமவாய்ப்புக்கு வழிவகுத்த அதிபர் ட்ரூமனின் ஆணை 1948இல்தான் வந்தது.

டஸ்கீகி விமானிகள் பாதுகாத்துச் சென்ற குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றுகூட வீழ்த்தப்படவில்லை என்ற பெருமைப் பேச்சை இன்றும் கேட்கலாம். ஆனால் 25க்கும் மேற்பட்டவை வீழ்த்தப்பட்டதை இராணுவ ஆவணங்கள் காட்டுகின்றன. (உண்மையான சாதனையே போதுமான இவர்களுக்கு மிகைப்புகழ் எதற்கு?)

நுழைவுக் கட்டணம் இல்லை. குழந்தைகளோடு செல்பவர்கள் முதலில் மஸ்டாங்கைக் காட்டிவிடுவது நல்லது. பிறகு முதற்கொட்டகையில் நிதானமாக நேரம் செலவிடலாம். விமானச் சண்டைக் காட்சிகளை மட்டும் எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு இவ்விடம் சற்று ஏமாற்றம் தரலாம்.