தவணையைத் தள்ளிப்போடுவதா, புதுக் கடன் வாங்குவதா?

2020 ஊரடங்கில், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் அச்சகம் பூட்டிக் கிடக்க, அச்சடித்த கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள் வாங்க ஆளில்லாமல் தூசி படிய, இருந்தது இரண்டு வழி. ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்பு முதலில் 3 மாதம், அப்புறம் ஆகஸ்ட் 31 வரை நீண்டது. சும்மா இல்லை, வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. மத்திய அரசு அப்போது அறிவித்த அவசரக் கடன் வேறு மாதிரி: பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் நிலுவையில் 20 சதவீதம், புதிதாக அடமானம் கேட்கக் கூடாது, வங்கி வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டாது, முதல் வருடம் அசல் கட்ட வேண்டாம், மொத்தம் 4 வருடம். கடை எப்போது திறக்கும் என்றே தெரியாதவருக்கு ஒத்திவைப்பு சரி. ஆனால் காகிதக் கடை பாக்கிக்கும் மெஷின் ஓட்டுபவரின் சம்பளத்துக்கும் ரொக்கம் வேண்டுமே! நான் இரண்டையும் எடுத்தேன். ஏறிய வட்டியைப் பாஸ்புத்தகத்தில் பார்த்தபோதுதான், ஒத்திவைப்பை ஜூனிலேயே விட்டிருக்கலாமே என்று தோன்றியது.