என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவித்தொகை: யாருக்குக் கிடைக்கும், எங்கே சிக்கும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) முடிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு, தேசிய மாணவர் நிதியுதவித் திட்டமான இந்த அரசு உதவித்தொகைதான் பெரிய வாசல். அரசுப் பல்கலைக்கழகம், அரசு டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரி இரண்டுக்கும் செல்லும். தனியார் கல்லூரிக்குக் கிடையாது. குடும்ப வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு 3,50,000 ரேண்ட். மாற்றுத்திறனாளி மாணவருக்கு அதுவே 6,00,000 ரேண்ட். இந்தத் தளர்வு தெரியாமலே பலர் ஒதுங்கிவிடுவதுதான் வேதனை.

விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. காசு கேட்கிற தரகரிடம் போகவே போகாதீர்கள்.

சிக்கல் எல்லாம் காகிதத்தில்தான். மாற்றுத்திறனாளிக்கான இணைப்புப் படிவத்தை மருத்துவர் நிரப்பித் தர வேண்டும். ‘பார்வைக் குறைபாடு’ என்று ஒரு வரியோடு விட்டால் போதாது. பிரெய்ல் கருவியா, திரைவாசிப்பு மென்பொருளா, கூட இருந்து உதவ ஆளா, எது வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். கைவிடப்பட்ட பிள்ளை என்றால் சமூகநல அலுவலர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். அவரைப் பிடிக்கவே வாரக்கணக்காகும். விண்ணப்பம் திறக்கும் முன்பே சொல்லி வையுங்கள்.

பெருங்குறை, ஆண்டுத் தொடக்கத்தில் படிப்பணம் தாமதமாக வருவது. அந்த இடைவெளியில் பேருந்துக் காசு இல்லாமல் பிள்ளைகள் வகுப்பை விடுகிறார்கள். கோயில் சங்கங்கள் உதவ நினைத்தால், பிப்ரவரி, மார்ச் மாதப் பயணச் செலவை ஏற்றுக்கொள்ளட்டும்.