ஒரு கட்டை அலறும், பக்கத்துக் கட்டை முனகும்: 61 கீ கீபோர்டில் ரப்பர் காண்டாக்ட் பராமரிப்பு

டச் ரெஸ்பான்ஸ் உள்ள, அதாவது அடிக்கும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறையும், 61 கீ கீபோர்டில் புதிதில் எல்லாக் கட்டையும் ஒரே சீராகப் பேசும். சில வருடம் தினசரி வாசித்த பிறகு, பெரும்பாலும் நடு ஸ்தாயியில்தான் முதலில் தகராறு ஆரம்பிக்கும். ஒரே மாதிரி அழுத்தினாலும் ஒரு கட்டை அலறும், பக்கத்தில் உள்ளது முனகும், இன்னொன்று அவ்வப்போது ஊமையாகும். டச் செட்டிங்கை, எப்படி அடித்தாலும் ஒரே சத்தம் தரும் 'ஃபிக்ஸட்'டில் போடச் சொல்பவர்கள் உண்டு. அப்படிப் போட்டாலும் ஊமைக் கட்டை பேசாது. கூடவே வாசிப்பில் உணர்ச்சியும் போய்விடும்.

கட்டைக்கு அடியில் ஒரு ரப்பர் குமிழ், அதற்குள் வெவ்வேறு உயரத்தில் இரண்டு கார்பன் பொட்டு. கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் அடியிலுள்ள சர்க்யூட் போர்டைத் தொடும், மற்றது ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம் கழித்துத் தொடும். கருவி விரலின் பலத்தை அளப்பதே இல்லை, இந்த இடைவெளியைத்தான் அளக்கிறது. இடைவெளி குறைந்தால் வேகமான அடி என்று எடுத்துக்கொண்டு, மிடி வெலாசிட்டியில், அதாவது அடியின் வேகத்தைச் சொல்லும் 1 முதல் 127 வரையிலான அளவில், பெரிய எண்ணைக் கொடுக்கும்.

இது புரிந்தால் பாதி நோய் திறக்காமலே தெரிந்துவிடும். முதல் பொட்டில் அழுக்கு என்றால் அது தாமதமாகத் தொடும், இடைவெளி சுருங்கும், மெல்லத் தொட்டாலும் கட்டை அலறும். இரண்டாவது பொட்டில் அழுக்கு என்றால் இடைவெளி நீளும், ஓங்கி அடித்தாலும் முனகும். அது தொடவே இல்லை என்றால் ஊமை.

காதை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். யூஎஸ்பியில் லேப்டாப்போடு இணைத்து, விண்டோஸ் என்றால் மிடி-ஆக்ஸ் போன்ற, இந்த எண்ணைக் காட்டும் மானிட்டர் மென்பொருளைத் திறந்து, ஒவ்வொரு கட்டையையும் ஒரே விரலால், முன் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் பத்துத் தடவை தட்டவும். உள்ளே தள்ளித் தட்டினால் எல்லாக் கட்டையும் கனமாகத்தான் இருக்கும், அது கோளாறு இல்லை. பத்து, பதினைந்து எண் ஏறி இறங்குவது விரலின் குணம். மற்றவை 60ஐச் சுற்றி நிற்க, ஒன்று மட்டும் 120க்குத் தாவினால் அதில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஊமைக் கட்டைகள் சம இடைவெளியில், ஆறு அல்லது எட்டுக்கு ஒன்றாக வந்தால் ரப்பரைக் குறை சொல்ல வேண்டாம். ரிப்பன் கேபிளோ டயோடோ போயிருக்கும். அது சர்வீஸ்காரர் வேலை.

திறப்பதற்கு முன் அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றி, கெட்டியான துணி மேல் கவிழ்க்கவும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. நீளமானதைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மேல் பேனல் பொத்துக்கொள்ளும், எனவே கழற்றிய வரிசையிலேயே அட்டையில் குத்தி வையுங்கள். மூடியைச் சட்டென்று தூக்காதீர்கள், ஸ்பீக்கர் ஒயர் இழுபடும்.

போர்டைக் கழற்றியதும் ரப்பர் பட்டைகள் தெரியும். பல மாடல்களில் ஒரு ஸ்தாயிக்கு ஒரு பட்டை. மொபைல் சர்வீஸ் செய்பவர்கள் வைத்திருக்கும் ஐபிஏ, அதாவது 99% ஐஸோபுரொபைல் ஆல்கஹால், போதும். பட்ஸில் லேசாக நனைத்து போர்டின் கார்பன் தடங்களை ஒரே திசையில் துடைக்கவும். ரப்பர் பொட்டை ஐபிஏ தொட்ட துணியில் ஒற்றி எடுக்கவும். கால் மணி நேரம் காயவிடவும். பென்சில் ரப்பர், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தடத்தின் கார்பனையே சுரண்டிவிடும். துரு விடுவிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயும் கூடாது. எண்ணெய்ப் படலத்தில் அடுத்த தூசி வந்து ஒட்டும்.

திரும்பப் பொருத்தும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ரப்பரின் சின்னக் கால்கள் போர்டின் ஓட்டைகளில் முழுசாக இறங்க வேண்டும். முனை மழுங்கிய பல்குச்சியால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒரு கால் தூக்கி நின்றாலும் நேற்றுவரை நன்றாக இருந்த கட்டை இன்று தாறுமாறாகப் பேசும்.

சுத்தம் செய்தும் சரியாகவில்லையா? ஒரே அளவுள்ள இரண்டு பட்டைகளை இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு பட்டையோடு போனால் ரப்பர் தேய்ந்திருக்கிறது, அதே கட்டையில் நின்றால் போர்டில் சிக்கல். நடு ஸ்தாயிப் பட்டையை அதிகம் கைபடாத ஸ்தாயிக்கு நிரந்தரமாகவே மாற்றிவிடலாம். செலவில்லாத வைத்தியம், நம் பரிந்துரையும் இதுதான். கார்பன் பெயின்ட் பூசுவது சில மாதம் தாங்கும், பிறகு உதிர்ந்து தடத்தில் விழும். புதுப் பட்டை வாங்கினால் மாடல் எண்ணோடு, பழைய பட்டையின் படத்தையும் அனுப்புங்கள். 12 கட்டைப் பட்டையும் 13 கட்டைப் பட்டையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

பஜனை மடத்திலும் சர்ச்சிலும் சாம்பிராணிப் புகைக்கு நடுவே நிற்கும் கீபோர்டுக்கும், கடலோர வீட்டில் மூடாமல் கிடப்பதற்கும் இந்த வேலை சீக்கிரமே திரும்ப வரும். வாசித்து முடித்ததும் துணி உறை போட்டால் அடுத்த சுத்தம் தள்ளிப்போகும். பிளாஸ்டிக் உறை என்றால் மழைக்காலத்தில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.